பேரைச் சொல்லாதவர்

அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தெறியும் இடம் தனக்குத்தான் என்று காத்திருந்த ஜேரட்டுக்கு வயிறு எரிந்தது. வேறு அணியிலிருந்து முப்பத்தெட்டு வயது டோலிவரைப் பேரம் பேசிக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

"அந்த ஆளு நம்ம ஒஹையோ அணிக்கு வந்து மூணு மாசமாச்சு. ஒருநாள்கூட என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எப்பவும் 'தம்பி'தான். அத்தனை திமிரு," என்று பயிற்சியாளரிடம் பொருமினான்.

"பதினாறு வருஷமா தலையில அடி வாங்கிட்டு நிக்கற ஆளுய்யா. ஜெயிச்சுக் குடுக்கறாருல்ல, பாத்துக் கத்துக்க."

அன்றும் டோலிவர் ஜெயித்துக் கொடுத்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில், ஆட்ட உத்திகளை எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அவருடைய பட்டையை ஜேரட் திருட்டுத்தனமாகப் பிரித்தான்.

உத்திகளுக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது:

"மனைவி நோரீன். மகள் டெஸ். வீடு மேப்பிள் தெரு, பச்சைக் கதவு. அணியில சின்னப் பையன் ஜேரட். நல்லா வருவான். பேரைச் சொல்லிக் கூப்பிடணும்."