கராச் வாசலில் நின்ற வண்டி

“நிண்டிட்டுதோ மனேச்சர்?”

தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்து யாரோ கேட்டார்கள். குரலில் அக்கறை கொஞ்சம், நக்கல் நிறைய.

நின்றுதான் விட்டது. மூன்றாவது நாளாக. அதுவும் வேறெங்கும் இல்லை, வண்டி திருத்துகிற சீவரத்தினத்தின் கராச்சுக்கு நேர் முன்னால்.

ஆழ்வாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை உதைத்தார். ம்ஹும். பெற்றோல் ராங்கியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே ‘குளுக் குளுக்’ என்றது. பிறகென்ன கேடு இதற்கு?

கராச்சுக்குள் சீவரத்தினம் சும்மா இருந்தான். வேலை இருந்தால்தானே! ஒரு மாதமாக ஒரு சைக்கிள்கூட அந்த வாசலைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. கட்டுப்பாட்டைப் போட்டவர் கோயில் மனேச்சர் ஆழ்வாப்பிள்ளையேதான்.

சீவரத்தினம் செய்த குற்றம்? தேர்த் திருவிழாவன்று சாதியைச் சொல்லிக் கோயில் கிணற்றில் அள்ளவிடாமல் ஊரார் துரத்திய சனங்களுக்குத் தன் கிணற்றில் இருந்து அள்ளிக் கொடுத்தான். “பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, விட்டிடுறம்” என்று கேட்டுப் பார்த்தார்கள். “தாகத்துக்குத் தண்ணி குடுத்தது எப்பிடிப் பிழையாகும்?” என்று திருப்பிக் கேட்டான்.

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் கராச்சை விற்றுவிட்டுப் பெண்சாதி பிள்ளைகளோடு வன்னிப் பக்கம் போகவேண்டியதுதான். அதைத்தான் ஊர்ப் பெரியவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆழ்வாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கொதிக்கிற வெயிலில் கொடிகாமம் வரைக்கும் வண்டியைத் தள்ளினார்.

கொடிகாமத்து மெக்கானிக் காபரேற்றரைக் கழற்றிச் சின்னத் துவாரங்களை எல்லாம் ஊதினார். பழைய பெற்றோலை வெளியே விட்டுப் புதிதாக நிரப்பினார். எண்ணெய்த் துணியால் வண்டி முழுவதையும் துடைத்தும் விட்டார். ஒரே உதையில் பிடித்தது.

“ஒரு குறையும் இல்லை அண்ணை. நேற்றும் முந்தநாளும் இதைத்தானே சொன்னனான்.”

வீட்டில் மனைவி ஞானாம்பிகைக்கு வேறு சந்தேகம்.

“கண்ணூறுதான். வேறை என்ன?”

மறுநாள் காலையும் வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். லைற்றில் ஒன்று, ஹாண்டிலில் ஒன்று, பெற்றோல் மூடியில் ஒன்று என்று அழுத்தி அழுத்திப் பொட்டு வைத்தாள். பக்தியான மனுசி. கட்டுப்பாடு போட்ட அன்று மட்டும், “இஞ்சருங்கோ, இது அநியாயம்” என்று வாய் திறந்தாள். “ஊர் விசயத்திலை பொம்பிளையள் கதைக்கக் கூடாது” என்று ஒரு அதட்டல் போட்டார். அதன்பிறகு அவள் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

பொட்டு வைத்தும் பலனில்லை. வண்டி அன்றும் நின்றது. கராச்சைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில்.

ஆழ்வாப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதாக நினைத்தார். இது வண்டியின் பிழையே இல்லை. உவன் சீவரத்தினம்தான் ராங்கிக்குள் சீனி கீனி போட்டிருக்கிறான்!

வேட்டியைச் சண்டிக்கட்டாகக் கட்டினார். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு நேரே கராச்சுக்குள் போனார்.

“டேய்! என்ரை வண்டிக்கு என்னடா செய்தனீ?”

தேத்தண்ணிக் கடையில் இருந்த அத்தனை பேரும் பின்னால் ஓடிவந்து வாசலோடு நின்றார்கள்.

சீவரத்தினம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“உங்கடை வண்டியை நான் தொட்டதே இல்லை. தொடக் கூடாது எண்டுதானே கட்டுப்பாடு.”

“பொய் சொல்லாதை. அண்டைக்கு நடந்ததுக்குப் பழி வாங்கிறாய்!”

“அண்டைக்குத் தண்ணி குடுத்தனான், ஓம். நாளைக்குக் கேட்டாலும் குடுப்பன். எல்லாரும் பாக்கத்தான் குடுத்தனான். ஒளிச்சு நிண்டு ஒண்டும் செய்யிறவன் நானில்லை.”

சொல்லிவிட்டு எழுந்துவந்து பெற்றோல் மூடியைத் திருகினான். ‘உஸ்’ என்று ஒரு சத்தம். மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பி ஒன்றை எடுத்து அதன் நடுவில் குத்தினான். மஞ்சளாக ஒரு சின்னக் கட்டி விழுந்தது.

“சந்தனம்! காத்துப் போற ஓட்டையை அடைச்சுப்போட்டுது. உள்ளுக்குக் காத்துப் போகாட்டில் பெற்றோல் கீழை இறங்காது. இப்ப உதையுங்கோ.”

உதைத்தார். வண்டி பிடித்துக்கொண்டது.

“அது சரி மனேச்சர்,” என்றார் வாசலில் நின்ற லொறிக்காரத் தியாகராசா. “நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?”

ஆழ்வாப்பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

தியாகராசா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“என்ரை லொறியும் ஒரு மாதமாய் இருமிக்கொண்டு கிடக்கு, சீவரத்தினம். ஒருக்கால் வந்து பார்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மனேச்சரே வந்துவிட்ட இடத்துக்கு மற்றவர்கள் வர என்ன தடை?

பின்னேரம் வீட்டுக்கு வந்த ஆழ்வாப்பிள்ளை படலையிலேயே கத்தத் தொடங்கினார்.

“உன்ரை பொட்டாலை என்ரை மானம் போச்சு! கட்டுப்பாடும் போச்சு! அந்த மூடியிலை ஒரு ஓட்டை இருக்கடி. அதெல்லாம் உனக்கெங்கை தெரியப்போகுது?”

சாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு ஞானாம்பிகை நிமிர்ந்தாள்.

“ஏன் தெரியாது? கலியாணத்துக்கு முந்தி எங்கடை வீட்டிலை ஐயாவின்ரை மோட்டார் சைக்கிளுக்கும் நான்தானே பொட்டு வைக்கிறனான். ஒருநாளும் அந்த ஓட்டையிலை பட விட்டதில்லை.”