பேஸ்மென்ட்டில் டொக் டொக்

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்த மறுநாள், துணி துவைக்க பேஸ்மென்ட்டுக்கு இறங்கிய வசுமதி அப்படியே நின்றுவிட்டாள். வாஷிங் மெஷின் பக்கத்து மேஜையில், கட்டைவிரல் பருமனில், வரிசையாகத் தோட்டாக்கள்.

வீட்டுக்காரக் கிழவர் டோபின் சின்னத் தராசோடு உட்கார்ந்திருந்தார்.

"காட்டெருமைக்கு, மிஸஸ் ராஜன். அடுத்த வருஷம், 1975ல, ஆப்பிரிக்கா போறேன். கடைத் தோட்டாவை நம்பி எருமை முன்னாடி நிக்க முடியுமா? ஆறு வருஷமா நானே வெடிமருந்து நிறுத்துப் போட்டுச் செய்யறேன்."

துணியை அங்கேயே போட்டுவிட்டு மாடியேறினாள்.

"ஏங்க, கீழே வெடிமருந்து இருக்கு."

"தெரியும். இத்தனை மாசமா நான்தானே துவைச்சேன்? சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லலை" என்றான் நாகராஜன்.

"தொட்டில் அந்த மேஜைக்கு நேர் மேலே இருக்கு."

"எருமையைத்தானே சுடப் போறார்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே தூங்கினே?"

வாஸ்தவம். நேற்று வரை கீழிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை.

மறுநாள் ஆரம்பித்தது. டொக். டொக்.

ஒவ்வொரு டொக்கும் இன்னொரு தோட்டா என்று எண்ணினாள். தொட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினாள். பிறகு சமையலறைக்கு. போலீசுக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்தவள், தன் கான்வென்ட் இங்கிலீஷை நம்பாமல் திரும்ப வைத்துவிட்டாள்.

கிழவரோ ரோஜாப் பாத்தியில் டப்பாவிலிருந்து கறுப்பாக எதையோ தூவியபடி, "பாப்பா தூங்குதா?" என்று விசாரிப்பார். அணிலுக்கு விஷமோ? நல்லவரா, கெட்டவரா? ஒன்றும் பிடிபடாமல் திரையை இழுத்துவிடுவாள்.

மூன்றாவது வாரம் ஊரின் மறுகோடியில், ஸ்கார்பரோவில் ஃபிளாட் கிடைத்தது. கிழவரிடம் "ஆபீஸுக்குப் பக்கம்" என்று ஒரு பொய்.

தொட்டிலை டோபினே தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார். கிளம்புகிற தைரியத்தில் வசுமதி கேட்டாள். "ஆப்பிரிக்கா எப்போ?"

"போகலைம்மா. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் அதையெல்லாம் வைக்கலாமா? தோட்டா நூற்றி நாற்பதையும் பிரிச்சிட்டேன். மருந்து ரோஜாவுக்கு உரமாச்சு. மறுபடி முதல்லேருந்து செய்ய வயசில்லை."

வசுமதி ரோஜாப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் தாங்காமத்தானே போறீங்க?" கிழவர் பிடரியைச் சொறிந்தார். "நேத்தோட முடிஞ்சுது. பிரிக்கும்போதுதான் சுத்தியால தட்ட வேண்டியிருக்கு, மிஸஸ் ராஜன். செய்யும்போது சத்தமே வராது."