குடை வந்துடுச்சா?

"ரோசாப்பூவா சொன்னேன்? ஏலக்கா மாலைய்யா! ஆறு மணிக்கு நான் மேடையில இருப்பேன். இங்க நடக்கிறது யார் காதுலயும் விழக் கூடாது, ஆமா."

பட்டு வேட்டிக்காரர் போனை வைத்துவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினார். சிதம்பரத்து மருத்துவமனையின் மாடி வராந்தாவை அதற்குள் நாற்பது முறையாவது அளந்திருப்பார்.

பெஞ்சில் இருந்த ரத்தினம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. கணவரின் ஆஞ்சியோவுக்காகக் காடாம்புலியூரிலிருந்து வந்தவள். உள்ளே கிடக்கும் சத்யப்பிரியாவின் கதையை ஏற்கெனவே நர்ஸின் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டிருந்தாள்.

பத்தொன்பது வயசுப் பெண், இதயத்தில் ஓட்டை. அதை அடைக்கப் போன வாரம் கடலூரில் வைத்த குட்டிக் கம்பிவலைக் குடை, இடம் நழுவி இதயத்தின் வேறோர் அறைக்குள் போய்விட்டது. இப்போது தொடை வழியாகக் குழாய் விட்டு, சுருக்குக் கம்பியால் பிடித்து இழுக்கிறார்கள். சிக்காவிட்டால் நெஞ்சைப் பிளக்க வேண்டியதுதான்.

மாலை, மேடை என்கிறாரே, இந்த லட்சணத்தில் சாயங்காலம் நிச்சயதார்த்தம் வேறா! பாவம், பெற்ற மனசு.

"உக்காருங்கண்ணா. மாப்ள வீட்டுக்குத் தெரியாமலே முடிஞ்சிடும்."

அவர் காதில் வாங்கவில்லை. நர்ஸ் தலையை நீட்டியதும் பாய்ந்தார்.

"குடை வந்துடுச்சா?"

"ரெண்டு தடவ நழுவிடுச்சு சார். இன்னொரு தடவ பாக்கறாங்க."

முகம் சுண்டிப்போய் மறுபடி போனை எடுத்தார். "லேட்டாச்சுன்னா போண்டா குடுத்து உக்கார வைய்யா. பேனர்ல என் படம் நடுவுலதான இருக்கு?"

பெண்ணைவிடப் பெண்ணின் அப்பா பேனரில் பெரிதாகச் சிரிப்பது கடலூர்ப் பக்கம் சகஜம். எனவே ரத்தினம்மாள் வியக்கவில்லை. தூணோரம் பையை அணைத்தபடி குந்தியிருந்த லுங்கி ஆளைத்தான் அதட்டினாள்.

"ஏம்ப்பா டிரைவரு, மொதலாளிக்கு ஒரு டீ வாங்கியாந்தா கொறஞ்சா பூடுவ?"

அந்த ஆள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாலே கால் மணிக்குக் கதவு திறந்தது. "வந்துடுச்சு சார்! நெஞ்ச அறுக்க வேணாம். பொண்ணு நல்லா பேசுது."

கடைசி வாக்கியத்தைக் கேட்கப் பட்டு வேட்டிக்காரர் அங்கே இல்லை. "கார எடுறா!" என்ற குரல் மட்டும் படிக்கட்டிலிருந்து வந்தது.

லுங்கி ஆள் தூணில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பெத்த பொண்ண ஒரு கண்ணு பாக்காம ஓடுறாரே, இன்னா மனுஷன்!" என்றாள் ரத்தினம்மாள்.

"பெத்தவன் நாந்தாம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர். "நெல்லிக்குப்பம் சுப்பராயலு. சத்யா எம் பொண்ணு."

"அப்ப அவரு?"

"குடைய வச்ச டாக்டரு. அத வச்சதுக்குத்தான் இன்னைக்குக் கடலூர்ல பாராட்டு விழா."