இரண்டாவது சத்தம்

முதல் வெடி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"பாத்தீங்களா டெஸ்ஸா, இங்க குடி வந்தா அலாரமே வேண்டாம்," என்று சிரித்தாள் ஷெல்பி. "ஷூவைக் கழட்டிட்டு நடந்து பாருங்க. தரைக்குள்ளேயே சூடு."

கழற்றினேன். ஜன்னலை விட்டு நகரவில்லை.

பனிச்சறுக்கு விடுதியின் ஊழியர்களுக்கு வீடு காட்டுவது ஷெல்பியின் வேலை. இந்தக் குளிர்காலத்தில்தான் சேர்ந்தவள். மலைமேல் இந்த வீடா, கீழே டவுனில் இப்போது இருக்கும் வீடேதானா என்று மதியத்துக்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

நான் இந்த வீட்டின் பக்கம். என் கணவன் ரோரி டவுன் பக்கம்.

எனக்கு அது புரியவே இல்லை. விடியும் முன் எழுந்து உறைந்த சாலையில் மலையேறி வருகிறவன் அவன்தான். இங்கே வந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். கேட்டால், பேக்கரி என்பான், நூலகம் என்பான், உன் மாலை வகுப்பு என்னாவது என்பான்.

எதிரே முகட்டில் இரண்டு சிவப்பு ஜாக்கெட்டுகள் தெரிந்தன. ஒன்று ஹைடி, விடுதியில் ரோரியோடு வேலை செய்கிறவள். மஞ்சள் ஹெல்மெட் போட்டது ரோரி.

இரவு பனி கொட்டினால், அது தானாகச் சரிந்து யாரையாவது புதைப்பதற்கு முன் இவர்களே வெடி வீசிச் சரித்துவிட வேண்டும். ஒரு சரிவுக்கு இரண்டு வெடி. திரியைக் கொளுத்தி, வீசி, குனிந்து உட்காருவார்கள். ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு எழுந்து அடுத்த சரிவுக்குப் போவார்கள்.

இரண்டாவதை அவன் வீசியதைப் பார்த்தேன்.

சத்தம் வரவில்லை.

ஷெல்பி பேச்சில் என் காதில் விழாமல் போயிருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வெடித்திருக்கலாம். மாலைக் கணக்கு வகுப்பில் கூட்டல் சரியாக வந்தாலும் நம்பாமல் மறுபடி கூட்டிப் பார்க்கிறவள் நான். என் காதை நானே நம்ப வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

வெடிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கல்யாணமான புதிதில் ரோரி சொல்லியிருக்கிறான். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒருவர் மட்டும் சரிவில் இறங்கி, வெடிக்காததன் பக்கத்திலேயே இன்னொன்றை வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் சரியக்கூடிய பனியில்.

"எங்களுக்கு அப்படி ஆனதே இல்ல," என்று முடித்தான்.

தினமும் அவன் வந்து பூட்ஸ் கழற்றும்போது கேட்பேன். எல்லாம் வெடிச்சுதா? எல்லாம், என்பான்.

ஃபோனைக் கையில் எடுத்தேன். அது அங்கே அடித்து, அவன் கவனம் சிதறினால்? பைக்குள் போட்டேன். மறுபடி எடுத்தேன்.

அடுத்த அரை மணி நேரத்தில் ஷெல்பி குளியலறையைக் காட்டினாள். அலமாரிகளைத் திறந்து மூடினாள். எல்லாவற்றுக்கும் ஜன்னலருகே இருந்தபடியே தலையாட்டினேன்.

"அப்படி என்னதான் இருக்கு அந்த டவுன்ல? எனக்கு இருக்கிறது ஒரு பல் டாக்டர், ஒரு பழைய புருஷன். ரெண்டு பேரையும் பாக்காம இருந்தாலே ஆயுசு கூடும்."

என் பக்கத்தில் வந்து நின்று முகட்டைப் பார்த்தாள்.

"அட, புஸ்ஸுன்னு போயிடுச்சா? இந்த சீசன்ல இது மூணாவது. எங்க ஆபீஸே காப்பியும் கையுமா வந்து நின்னு பாக்கும். இப்ப பாருங்க, அந்த மஞ்சள் ஹெல்மெட் இறங்குவான். ஒவ்வொரு தடவையும் அவன்தான். கூட இருக்கிறவங்களை இறங்க விடவே மாட்டான்."

மஞ்சள் ஹெல்மெட் எழுந்தது.

பேக்கரி, நூலகம், என் மாலை வகுப்பு. அவன் சொன்ன காரணங்களை மறுபடி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். அவற்றில் இந்த ஜன்னல் இல்லை. இந்தக் கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியும். டவுனுக்கும் இந்த முகட்டுக்கும் நடுவே இன்னொரு மலை நிற்கிறது. அங்கே எந்தச் சத்தமும் கேட்காது. வராத சத்தமும் கேட்காது.

அவன் சரிவில் இறங்கினான். ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்தான்.

ஷெல்பி ஏதோ வாடகை சொன்னாள்.

மேட்டுக்கு மேலே மஞ்சள் தெரிந்தது. ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. ஹைடியின் கை நீண்டு அவனைப் பிடித்து இழுத்தது. இருவரும் குனிந்தார்கள்.

கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளைப் புகை எழுந்து, சரிவு முழுவதும் ஒரே துண்டாகப் பெயர்ந்து இறங்கியது.

"அவ்ளோதான்!" என்றாள் ஷெல்பி. "நாலு நாள்ல பழகிடும்."

முகட்டில் மஞ்சள் ஹெல்மெட் கையுறையைப் பல்லால் கழற்றுவதைப் பார்த்தேன். தலை குனிந்தது. என் கையில் ஃபோன் அதிர்ந்தது.

'எல்லாம் வெடிச்சுது. வீடு எப்படி?'

இரண்டு முறை அழித்து எழுதினேன்.

'சமையலறை ரொம்ப சின்னது. நமக்கு டவுனே போதும்.'

அங்கே அவன் படித்தான். ஹைடியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

வீடு வேண்டாம் என்று ஷெல்பியிடம் சொல்லிவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் இங்கேயே நிற்கலாமா என்று கேட்டேன்.

"தரை சூடு விட மாட்டேங்குதுல்ல?" என்றாள்.

"ஆமாம்," என்றேன்.

முகட்டில் மஞ்சள் ஹெல்மெட் அடுத்த சரிவுக்கு வந்து நின்று, பைக்குள் கையை விட்டது.