ஓரத்தில் ஒன்பது

"இந்தத் திருட்டு வேலை எத்தனை நாளா நடக்குது ஸ்தனிஸ்லாஸ்?"

லென்ஸ் தேய்க்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டுத்தான் குப்புராஜ் கேட்டார். வாடிக்கைக்காரர் காதில் விழுந்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பதினாலு வருஷமாகக் கண்ணாடிக்கடை நடத்துகிறவருக்கு இதுகூடத் தெரியாதா?

ஸ்தனிஸ்லாஸ் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "என்னங்க மொதலாளி?"

"இது யாரு கண்ணாடி?"

"ஒகேனக்கல் மாதையனுதுங்க. பரிசல் ஓட்டுறவரு."

"திருகு லூசா இருக்குன்னு இப்பத்தான் குடுத்தாரு. இங்க பாரு."

குப்புராஜ் அதன்மேல் லென்ஸ் கிளாக்கை வைத்தார். மேலே கைக்கடிகாரம் மாதிரி முள், அடியில் மூன்று ஊசிக்கால். கண்ணாடியின் வளைவை அளக்கிற கருவி. எந்தக் கண்ணாடி கைக்கு வந்தாலும் அதை ஒரு தடவை வைத்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

லென்ஸின் நடுவில் முள் பன்னிரண்டு காட்டியது. ஓரத்துக்கு நகர்த்தினார். ஒன்பதுக்கு இறங்கியது.

"நாம தேய்க்கிற சாதா லென்ஸ் நடுவுலயும் பன்னெண்டு, ஓரத்துலயும் பன்னெண்டு. ஓரம் கொறையிற லென்ஸ் இந்தக் கடைக்கு வந்தது ஒரே ஒரு ஜோடி. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு வரவழைச்சது. புளி மண்டி மாரப்பண்ணனுக்கு. அது எப்படி இவரு மூக்குமேல ஏறுச்சு?"

ஸ்தனிஸ்லாஸ் வெட்டிக்கொண்டிருந்த லென்ஸை மேசைமேல் வைத்தான்.

போன மாதம் மாரப்பனும் மாதையனும் ஒரே நாளில்தான் கடைக்கு வந்தார்கள். இருவருக்கும் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. டாக்டர் சீட்டில் நம்பரும் ஒன்றே.

சாதா லென்ஸைப் போட்டுப் பார்த்த மாதையன் மிரண்டுபோனார். "கதவு நிலையெல்லாம் வளைஞ்சு நிக்குதுங்க. ஓரமா நிக்கிற ஆளு காணாமப் போயி, திடீர்னு முன்னால வந்து நிக்கறாரு. இதப் போட்டுகிட்டு துடுப்பு போட ஆவாதுங்களே."

மெட்ராஸ் லென்ஸில் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கும் என்று சொல்லி குப்புராஜ் விலையையும் சொன்னார். மாதையன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சாதாவே போடுங்க" என்றார்.

"எனக்கு அந்த மெட்ராஸ் லென்ஸுதான் வேணும்! மட்டமானதெல்லாம் என் மூஞ்சியில மாட்டாத" என்று பக்கத்தில் இருந்த மாரப்பன் கடை அதிரச் சொன்னார். அவர் எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"மாதையனப் பாத்துப் பாவப்பட்டியா? அடுத்தவன் பொருள எடுத்து தருமம் பண்ண நீ யாருப்பா?" என்று ஸ்தனிஸ்லாஸிடம் கேட்டார் குப்புராஜ்.

"மாத்திட்டேங்க. தப்புதானுங்க."

"ஏன் மாத்துன?"

"அதக் கேக்காதீங்க மொதலாளி. வேணும்னா என்னை வேலைய வுட்டு நிறுத்திக்குங்க. அவருகிட்டருந்து மட்டும் கழட்டிடாதீங்க. சாதாவப் போட்டுகிட்டுப் போனாருன்னா பரிசல்காரங்க துடுப்பப் புடுங்கி வெச்சிருவாங்க."

"உன் கதை அப்பறம். இது இன்னிக்கே மாரப்பண்ணங்கிட்டப் போவுது."

வெளியே பெஞ்சில் மாதையன் காத்திருந்தார். கண்ணாடி இல்லாததால் காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆச்சுங்களா? நாளைக்கி என் மொறைங்க. இதப் போட்ட பொறவுதான் மறுபடி துடுப்பக் கையில குடுத்தாங்க. பாறையெல்லாம் இருந்த எடத்துலயே இருக்குதுங்க!"

"செத்த நேரம் இருங்க" என்றார் குப்புராஜ். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே! கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்தனிஸ்லாஸையும் கூட்டிக்கொண்டு மண்டிக்கு நடந்தார்.

மண்டியில் மாரப்பன் நாலு வியாபாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். குப்புராஜைப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது.

"வாய்யா! இவரு கடையில வாங்குனதுதான். மெட்ராஸ் லென்ஸு! அந்தத் தூணப் பாரு, நூல் புடிச்சாப்பல நிக்குது!"

குப்புராஜுக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. சாதா லென்ஸில் தூண் எப்படி நூல் பிடிக்கும்? விலை அதிகம் என்று நம்பிவிட்டால் போதும், பணக்காரன் கண்ணுக்குக் கோணலும் நேராகிவிடும் போலிருக்கிறது.

வியாபாரிகள் கிளம்பும்வரை காத்திருந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "பெரிய தப்பு நடந்துபோச்சுங்கண்ணா. நீங்க போட்டிருக்கறது சாதா. உங்க லென்ஸ இவன் அந்தப் பரிசல்காரருக்கு மாத்திக் குடுத்துட்டான். நான் கையோட வாங்கியாந்துட்டேன். இவனையும் இன்னிக்கே நிறுத்திடறேன்."

மாரப்பன் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். "நீ சொல்லலியா?"

"சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்களேங்க."

குப்புராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாத்தச் சொன்னதே நாந்தான் குப்புராஜு" என்றார் மாரப்பன், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "நான் புளி மூட்டையத்தானே பாக்கப்போறேன்? அந்தாளு எட்டு உசுர ஏத்திகிட்டு தண்ணியப் பாக்கறான்யா."

"அப்போ... தூண் நூல் புடிச்சாப்பல நிக்குதுன்னீங்களே?"

"வில்லாட்டம் வளைஞ்சு நிக்குது. அதச் சொன்னா, அவன் கண்ணாடியக் கழட்டிகிட்டு நீ இப்படி வந்து நிப்பேன்னு எனக்குத் தெரியாதா?"