சத்தமில்லாத வண்டி

ரத்தினவேலின் காரில் முன்சக்கரத்து ரப்பர் புஷ் தேய்ந்துபோய், தெருமுனை வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் ‘கடக்’கென்று சத்தம் வரும். அது கேட்டதும் அவன் மனைவி பொற்கொடி, அம்மாவிடம் பேசுவதைப் பாதியில் நிறுத்திக் கைபேசியை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவாள். பிறந்த வீட்டோடு அவள் பேசக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அவனே ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினான். “இந்தக் கம்பியப் பிடி” என்று அவளை வெயிலில் உட்காரவைத்தான். பழைய ரப்பர் துண்டுதுண்டாக வந்தது. புதியதற்குச் சோப்புத்தண்ணீர் தடவச் சொன்னான், தடவிக்கொடுத்தாள். அவன் திட்டாமல் வேலை செய்தது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சாயங்காலம், “வா, ஓட்டிப் பாக்கலாம்” என்று முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். வேகத்தடையில் கார் மெத்தென்று ஏறி இறங்கியது.

“சத்தம் கேட்டுச்சா?”

“இல்லைங்க.”

“இனிமே உங்கம்மாகிட்ட நிதானமா பேசு. நான் வந்து பின்னாடி நின்னு கேட்டுக்கறேன்.”

காரைத் திருப்பி மறுபடியும் அதே வேகத்தடையில் ஏற்றினான். டயர் உரசுவதாவது கேட்கிறதா என்று பொற்கொடி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.