நொடிக்கு மூவாயிரத்து நானூறு

வேனுக்குள் இருந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார் மாயகிருஷ்ணன். அறுபத்தெட்டு வயதில் அவர் கால் மணி நேரம் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை.

உடம்புக்குள் இயற்கையாகவே இருக்கும் கதிர்வீச்சை அளக்க விளாத்திகுளத்துக்கு வந்திருந்த ஆராய்ச்சி வேன் அது. பத்திர ஆபீசில் டோக்கன் வர நேரமாகும் என்று மகன் மணிராஜ்தான் ஏற்றிவிட்டான்.

இருந்த மூன்று ஏக்கர் புஞ்சையையும் சோலார் கம்பெனிக்கு இன்றைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அவருக்கு மனசே இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஒரு காரணம் அகப்படவில்லை.

கருவியைக் கவனித்துக்கொண்டிருந்த சுதாராணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். நாற்காலி காலியாக இருந்தபோது தரையோடு கிடந்த கோடு, அவர் உட்கார்ந்ததும் ஓரிடத்தில் குன்று மாதிரி எழும்பி நின்றது.

எல்லா உடம்பிலும் இருக்கிற பொட்டாசியம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அதில் நொடிக்கு மூவாயிரத்து நானூறு அணுக்கள் உடைந்துகொண்டே இருக்கின்றனவாம். தூங்கும்போதும்கூட.

மாயகிருஷ்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இத்தனை கூத்து நடக்கிறது, உடம்புக்காரனுக்கு ஒரு வார்த்தை இல்லை. அவருக்குப் புல்லரித்தது.

"இது எங்கன இருந்து வந்துச்சு தாயி?"

"சாப்பாட்டுல இருந்துதான் அய்யா. மண்ணுல கிடக்கது கம்புக்கு வருது, கம்புல இருந்து உங்களுக்கு வருது."

வேன் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தீயில எரிச்சா போயிருமா?"

அடுப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"போவாது அய்யா. சாம்பல்லயே கிடக்கும். அந்தச் சாம்பல மண்ணுல போட்டா பயிரு திரும்ப எடுத்துக்கிடும்."

வெளியே மணிராஜ் நம்பர் வந்துவிட்டதென்று கூப்பிட்டான். மாயகிருஷ்ணன் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"ஏலே, நான் கையெழுத்துப் போடல. வண்டிய எடு."

ஏன் என்று கேட்டான். அவர் வண்டியைப் பார்த்து நடந்தார்.

கொரோனா அடைப்பில் போலீஸ் பாதி வழியில் திருப்பி அனுப்பியபோது, திருச்செந்தூர் கடலில் கரைக்க எடுத்துப்போன சுந்தரேஸ்வரியின் அஸ்தியை, அவன் அம்மாவின் அஸ்தியை, யாரிடமும் சொல்லாமல் அந்தப் புஞ்சையில்தான் தூவிவிட்டு வந்திருந்தார்.

அதற்குப் பிறகு அங்கே ஐந்து மகசூல் கம்பு விளைந்தது. அவரும் சாப்பிட்டார், அவனும் சாப்பிட்டான்.